ஆஃபரில் ஒரு லட்சம் டாலர், கையில் எவ்வளவு?

அமெரிக்காவில் வேலை உறுதியானதும் நம்மில் பலர் போடும் முதல் கணக்கு, ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுப்பது. ஒரு லட்சம் டாலர் என்றால் மாதம் 8,333. அந்த எண்ணை நம்பி வாடகை வீடு பார்த்து, கார் தவணை பேசி, ஊருக்கு மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்று அம்மாவிடமும் சொல்லிவிடுவோம். பிறகு முதல் சம்பளம் வங்கியில் விழும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் அந்தத் தொகையைப் பார்த்து, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று எச்ஆருக்கு மெயில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்தக் குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. ஊரில் வருமான வரி டெல்லிக்குப் போவது ஒன்றுதான். சென்னையில் இருந்தாலும் புனேயில் இருந்தாலும் ஒரே ஸ்லாப். அதற்குக் கீழே பிடிப்பது தொழில் வரி மட்டும். அதுவும் வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. இங்கே உங்கள் சம்பளத்தில் மூன்று பேர் கை வைக்கலாம்: வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு, நீங்கள் இருக்கும் மாநிலம், சில ஊர்களில் அந்த ஊரே. மத்திய அரசு எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்குகிறது. மற்ற இரண்டையும் முடிவு செய்வது உங்கள் முகவரி. அதனால் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

முதல் வேலை: பொதுவான பிடித்தத்தைக் கழியுங்கள்

இனி வரும் கணக்கெல்லாம் 2025ஆம் ஆண்டின் விகிதங்களில், கல்யாணமாகாத ஒருவர், ஒரு லட்சம் டாலர் சம்பளம், எச்-1பி என்ற வேலை விசா என்று வைத்துப் போட்டது. ஓய்வூதியச் சேமிப்பு, மருத்துவக் காப்பீடு எதையும் சேர்க்கவில்லை.

மத்திய வருமான வரியில் முதல் 15,750 டாலருக்கு வரி இல்லை. இதை ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்பார்கள். மிச்சம் 84,250 டாலருக்கு 10, 12, 22 சதவீதம் என்று படிப்படியாக ஏறி, மொத்தம் சுமார் 13,450 டாலர் வரும். அடுத்தது ஃபிக்கா. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம், ஆக 7,650 டாலர். இதில் கழிவு எதுவும் கிடையாது, முதல் டாலரிலிருந்தே பிடிப்பார்கள். சம்பளம் 1,76,100 டாலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு அந்த 6.2 சதவீதத்தைப் பிடிக்க மாட்டார்கள், 1.45 தொடரும்.

இரண்டையும் கழித்தால் சுமார் 78,900. மாதத்துக்கு 6,575. மாநிலம் தொடுவதற்கு முன்பே 8,333 இப்படி ஆகிவிட்டது.

மாணவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. எஃப்-1 விசாவில் வந்து ஓபிடியில், அதாவது படிப்போடு தொடர்புள்ள தற்காலிக வேலை அனுமதியில், வேலை பார்ப்பவர்களுக்கு, வந்த ஆண்டையும் சேர்த்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை ஃபிக்கா பொதுவாகக் கிடையாது. சின்ன நிறுவனங்களில் இது தெரியாமல் பிடித்துவிடுவார்கள். பேஸ்டப் என்ற சம்பளச் சீட்டில் கண்டால் உடனே சம்பளம் போடும் பேரோல் ஆட்களிடம் சொல்லித் திரும்பக் கேளுங்கள். அவர்கள் தரவில்லை என்றால் 843ஆம் எண் படிவத்தில் மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடமே கேட்கலாம். ஆனால் ஃபிக்கா இல்லை என்பதால் மாநில வரியும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அது மாணவரையும் விடாது.

அடுத்தது: உங்கள் மாநிலம் எந்த ரகம்

மாநிலங்கள் மூன்று ரகம். முதல் ரகம், சம்பளத்துக்கு வருமான வரியே போடாத ஒன்பது: டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன், டென்னசி, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், சவுத் டகோட்டா, வயோமிங், அலாஸ்கா. இங்கே அந்த 78,900 அப்படியே நிற்கும்.

இரண்டாவது ரகம், எல்லோருக்கும் ஒரே விகிதம். பென்சில்வேனியாவில் 3.07 சதவீதம், மிஷிகனில் 4.25, இல்லினாயில் 4.95. அரிசோனாவில் 2.5 சதவீதம்தான். கணக்கு போடச் சுலபம். இல்லினாயில் சுமார் 4,800 டாலர் போகும், கையில் 74,100 நிற்கும். சிகாகோ பெரிய நகரமாயிற்றே, தனி வரி இருக்குமே என்று கேட்பார்கள். சம்பளத்துக்கு இல்லை. அங்கே விற்பனை வரியில் பிடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது ரகத்தில் மத்திய அரசைப் போலப் படிப்படியாக ஏறும். கலிஃபோர்னியாவில் 1 சதவீதத்தில் தொடங்கி 12.3 வரை போகும். பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவருக்கு இன்னும் ஒரு சதவீதம். இதைக் கேட்டு, கலிஃபோர்னியாவில் 13 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் நிறைய. ஒரு லட்சம் சம்பளத்துக்கு அங்கே உண்மையில் வருவது சுமார் 5,050 டாலர், அதாவது ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். அதோடு எஸ்டிஐ என்ற பெயரில் மாநில ஊனக் காப்பீட்டுக்கு 1.2 சதவீதம், 1,200 டாலர். முன்பு இதற்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது, 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டும் போய்க் கையில் சுமார் 72,600.

மேல் படியில் இருக்கும் சதவீதத்தை மொத்தச் சம்பளத்துக்கும் போட்டுப் பார்ப்பது புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு. சம்பளம் கொஞ்சம் உயர்ந்து அடுத்த படிக்குப் போனால், அந்தப் படியில் விழுந்த டாலர்களுக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம்.

வரி இல்லாத மாநிலத்திலும் பேஸ்டப்பைப் பார்க்காமல் விடாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டபிள்யூஏ கேர்ஸ் என்று 0.58 சதவீதம் பிடிப்பார்கள். வயதான காலத்துப் பராமரிப்புக்கான காப்பீடு அது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் 2025 வரை மாநில அரசிடம் விண்ணப்பித்து விலக்கு வாங்க வேண்டியிருந்தது. விலக்குக் கடிதத்தை நிறுவனத்திடம் கொடுத்த பிறகுதான் பிடித்தம் நின்றது, தானாக நிற்கவில்லை. ஒரு லட்சத்துக்கு வருடம் 580 டாலர். சியாட்டில் பக்கம் வருடக்கணக்காக இதைக் கட்டிக்கொண்டிருந்த நம் ஆட்கள் நிறையப் பேர்.

பலரும் தவறவிடுவது: ஊர் வரி

இதுதான் எனக்கே பாடம் கற்பித்தது. நான் பிட்ஸ்பர்க் புறநகர் ஒன்றில் குடியேறியபோது எனக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தது. பேஸ்டப்பில் மத்திய வரி இருந்தது, பென்சில்வேனியா வரி இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன். ஏப்ரலில் இரண்டு ரிட்டர்னும் போட்டேன். இரண்டு வருடம் கழித்து, பெயரே கேள்விப்படாத ஒரு வரி வசூல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் இருந்த ஊருக்கு வருமானத்தில் ஒரு சதவீதம் கட்டவில்லையாம், ரிட்டர்னும் போடவில்லையாம். அசலோடு வட்டியும் அபராதமும். மோசடிக் கடிதமோ என்று முதலில் குப்பையில் போடப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான், "தம்பி, அது நெஜமான வரிதான், நாங்களும் கட்டுறோம்" என்று எடுத்துச் சொன்னார். வெளிமாநில நிறுவனம் ஊர் வரியைப் பிடிக்காமல் இருந்திருக்கிறது. பிடிக்காவிட்டாலும் கட்ட வேண்டியவன் நான்தான்.

பென்சில்வேனியாவில் இதற்கு ஏர்ன்டு இன்கம் டேக்ஸ் என்று பெயர். நிறைய ஊர்களில் ஒரு சதவீதம். பிட்ஸ்பர்க் நகருக்குள் குடியிருந்தால் பள்ளி மாவட்டத்துக்கும் சேர்த்து மூன்று சதவீதம். வேலைக்குச் சேரும்போது உள்ளூர் குடியிருப்புச் சான்றுப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் நீங்கள் வசிக்கும் ஊருக்கான ஆறு இலக்க பிஎஸ்டி எண்ணை எழுத வேண்டும். அஞ்சல் முகவரியில் பிட்ஸ்பர்க் என்று இருந்தாலும் வீடு பக்கத்து டவுன்ஷிப்பில் இருக்கலாம். எனவே மாநில அரசின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்து எழுதுங்கள். ஒரு சதவீதத்துக்கும் மூன்று சதவீதத்துக்கும் இடையே வருடத்துக்கு 2,000 டாலர் இருக்கிறது.

ஃபிலடெல்ஃபியா இன்னும் கறார். 2025 ஜூலை முதல் நகரவாசிகளுக்கு 3.74 சதவீதம், வெளியிலிருந்து வந்து நகருக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு 3.43 சதவீதம். மாநில வரியை விட நகர வரி அதிகம். இரண்டும் போய் ஒரு லட்சத்தில் கையில் நிற்பது சுமார் 72,000. ஒரு சதவீத வரி உள்ள புறநகரில் குடியிருந்து புறநகரிலேயே வேலை பார்ப்பவருக்கு ஏறக்குறைய 74,700.

நியூயார்க் நகரத்தின் விதி வேறு. அங்கே குடியிருப்பவர் மட்டும்தான் நகர வரி கட்ட வேண்டும், 3.078 முதல் 3.876 சதவீதம் வரை. வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களிடம் வாங்கிய வரியை 1999இலேயே எடுத்துவிட்டார்கள். நம் ஒரு லட்சம்காரர் குவீன்ஸில் வீடு எடுத்தால் மாநிலத்துக்கு 4,950, நகரத்துக்கு 3,440, ஆக 8,400 டாலர் போய்க் கையில் 70,500; விடுப்புக் காப்பீடு போன்ற சில்லறைப் பிடித்தங்கள் தனி. டெக்சாஸ்காரரோடு ஒப்பிட்டால் மாதம் 700 டாலர் குறைவு. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியிலும் எடிசனிலும் நம்மவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்குத் தோசைக் கடைகள் மட்டும் காரணமில்லை.

ஒஹாயோவில் மாநில வரி குறைவு, ஊர் வரிதான் பெரிது. கொலம்பஸிலும் கிளீவ்லாண்டிலும் 2.5 சதவீதம், சின்சினாட்டியில் 1.8. முதல் உரிமை வேலை பார்க்கும் ஊருக்கு. வசிக்கும் ஊரும் வரி போட்டால், அங்கே கட்டியதை இங்கே எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்கள் முழுவதையும் கழிக்கும், சில பாதியைத்தான் கழிக்கும். வீடு பார்க்கும்போது புரோக்கரிடம் பள்ளிக்கூடத்தின் ரேட்டிங்கைக் கேட்கிறோம் அல்லவா, கூடவே அந்த ஊர் எவ்வளவு கழிவு தருகிறது என்று கேளுங்கள். சில பள்ளி மாவட்டங்களுக்குத் தனி வருமான வரியும் உண்டு.

மேரிலாந்தில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) வரி மாநிலப் படிவத்திலேயே சேர்ந்துவிடும், பல கவுண்டிகளில் மூன்று சதவீதத்தை ஒட்டி வரும். இண்டியானாவிலும் கவுண்டி வரிதான். ஜனவரி 1 அன்று எந்தக் கவுண்டியில் வசித்தீர்களோ அதன் விகிதம் அந்த வருடம் முழுவதற்கும். டிட்ராய்டில் நகரவாசிக்கு 2.4, வெளியூர்க்காரருக்கு அதில் பாதி. கேன்சஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ் இரண்டிலும் ஒரு சதவீதம்.

வீடு ஒரு மாநிலம், ஆபீஸ் வேறு மாநிலம் என்றால்

பொது விதி: வேலை பார்க்கும் மாநிலம் அங்கே ஈட்டிய சம்பளத்துக்கு முதலில் வாங்கும். வசிக்கும் மாநிலம் உங்கள் மொத்த வருமானத்துக்கும் கணக்குப் போட்டு, நீங்கள் அங்கே கட்டியதைக் கழித்துக்கொள்ளும். நியூ ஜெர்சியில் வீடு, மன்ஹாட்டனில் வேலை என்று வையுங்கள். நியூயார்க்குக்கு வெளிமாநிலத்தவராக சுமார் 4,950 கட்டுவீர்கள். நியூ ஜெர்சியின் சொந்தக் கணக்கில் வருவது 4,200க்குள். கழிவு போனால் அங்கே கட்ட ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. இரண்டு ரிட்டர்ன் போட வேண்டும், வரி இரண்டு மடங்காகாது. மொத்தத்தில் இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டுகிறீர்கள் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சில பக்கத்து மாநிலங்கள் தங்களுக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன. வசிக்கும் மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். நியூ ஜெர்சி - பென்சில்வேனியா, வர்ஜீனியா - மேரிலாந்து, இல்லினாய் - விஸ்கான்சின் இந்த வகை. ஆனால் நீங்கள் படிவம் கொடுத்தால்தான் பேரோலில் சரியான மாநிலத்துக்குப் பிடிப்பார்கள். நியூ ஜெர்சியில் இருந்து பென்சில்வேனியாவுக்கு வேலைக்குப் போகிறவர் கொடுக்க வேண்டியது ஆர்ஈவி-419. இந்த உடன்பாடு ஃபிலடெல்ஃபியா நகர வரிக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், அதனால் நியூயார்க்குக்குக் கட்ட வேண்டாமே என்பவர்களுக்கு: அந்த மாநிலம் விடாது. உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து செய்தால், நியூயார்க் ஆபீஸில் செய்ததாகவே கணக்கு. நிறுவனத்தின் தேவைக்காக என்று நிரூபிக்க அவர்கள் வைத்திருக்கும் விதிகள் கடுமையானவை.

"மச்சான், டெக்சாஸ்ல இருக்கிற என் அட்ரஸைப் போட்டுக்கோ, யாருக்குத் தெரியப் போகுது" என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். வேண்டவே வேண்டாம். எச்-1பி மனுவில் வேலை செய்யும் இடம் எழுதியிருக்கிறது. விசா நீட்டிப்புக்கும் கிரீன் கார்டுக்கும் பேஸ்டப்பையும், வருடச் சம்பளமும் பிடித்த வரியும் இருக்கும் டபிள்யூ-2 படிவத்தையும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் ஒரு மாநிலம், வரி ஒரு மாநிலம் என்று இருந்தால் நீங்கள் மிச்சம் பிடித்த நாலாயிரம் டாலர் வக்கீலுக்கே போய்விடும். அக்கா வீட்டில் மூன்று மாதம் தங்கி அங்கிருந்து வேலை பார்ப்பதாக இருந்தாலும், கிளம்புவதற்கு முன் நிறுவனத்தின் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் பேஸ்டப் வந்த அன்று

உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். மத்திய வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மாநிலம், ஊர். மாநிலத்தின் பெயர் சரியா? நீங்கள் முன்பு வேலை செய்துகொடுத்த வாடிக்கையாளர் நிறுவனம் இருந்த மாநிலமே தொடர்கிறதா? ஊர் வரி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமா? தப்பு இருந்தால் அந்த வாரமே சொன்னால் ஒரு மெயிலில் முடியும். டிசம்பர் தாண்டினால் திருத்திய டபிள்யூ-2 வாங்க அலைய வேண்டும்.

மத்திய வரிக்கான டபிள்யூ-4 படிவத்தைப் பூர்த்தி செய்தது போதும் என்று இருக்க வேண்டாம். பல மாநிலங்களுக்குத் தனிப் படிவம்: கலிஃபோர்னியாவில் டிஈ-4, நியூயார்க்கில் ஐடி-2104. மனைவி இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தாலோ, அவரும் வேலைக்குப் போகத் தொடங்கினாலோ எல்லாப் படிவங்களையும் புதுப்பியுங்கள்.

401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்பு வரியைக் குறைக்கும் என்பது மத்திய அளவில் சரி, பெரும்பாலான மாநிலங்களிலும் சரி. பென்சில்வேனியா அந்தப் பணத்துக்கும் இப்போதே வரி வாங்கிவிடும். அதனால்தான் அங்கே டபிள்யூ-2வில் மாநிலச் சம்பளம் மத்தியச் சம்பளத்தை விடப் பெரிதாகத் தெரியும், பதற வேண்டாம். எச்எஸ்ஏ மருத்துவச் சேமிப்புக்குக் கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் சலுகை தருவதில்லை.

ஜாயினிங் போனஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். போனஸில் மத்திய வரிக்கு நேராக 22 சதவீதம் பிடிப்பது வழக்கம். கலிஃபோர்னியா 10.23 சதவீதம், நியூயார்க் 11.7 சதவீதம். 10,000 டாலர் போனஸ் என்றால் கலிஃபோர்னியாவில் ஃபிக்காவும் எஸ்டிஐயும் சேர்ந்து போய் ஆறாயிரம் கூடக் கைக்கு வராது. இது முன்பணப் பிடித்தம்தான். உண்மையான வரி குறைவாக இருந்தால் மிச்சம் ரிட்டர்னில் திரும்பி வரும். ஆனால் வீட்டு அட்வான்ஸுக்கு முழுப் பத்தாயிரத்தை நம்பி இருக்காதீர்கள்.

இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது

டெக்சாஸில் 95,000, நியூ ஜெர்சியில் 1,05,000 என்று இரண்டு கடிதம் கையில் இருந்தால், மாநில வரிக்குப் பின் வரும் தொகைகளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வருமான வரி வாங்காத மாநிலம் வேறு எங்கோ வாங்குகிறது. டெக்சாஸில் வீட்டு வரி, வீட்டின் மதிப்பில் இரண்டு சதவீதத்தை எட்டும் ஊர்கள் உண்டு. இன்று வாடகைக்கு இருப்பவருக்கு அது வாடகைக்குள் ஒளிந்திருக்கும். டாலஸ் பக்கம் விற்பனை வரி 8.25 சதவீதம், சியாட்டிலில் பத்துக்கு மேல். டாலஸ் புறநகரில் கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கொரு கார் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். ஜெர்சி சிட்டியில் ரயில் பாஸோடு ஓட்டிவிடலாம். அதே நேரம், தனி ஆளாக வந்து நாலு பேரோடு அறையைப் பகிர்ந்து கடனை அடைப்பதுதான் திட்டம் என்றால், என் கணக்கில் டெக்சாஸ் ஜெயிக்கும்.

வருட நடுவில் மாநிலம் மாறினால்

மாறிய தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டும் வருமான வரி வாங்கும் மாநிலங்கள் என்றால் இரண்டிலும் பகுதி ஆண்டுக் குடியிருப்பாளராக ரிட்டர்ன் போட வேண்டும். பேரோலில் முகவரி மாற்றுவதோடு பழைய மாநிலத்தின் பிடித்தம் நின்றதா என்று அடுத்த இரண்டு பேஸ்டப்பில் பாருங்கள். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, புது ஓட்டுநர் உரிமம் மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்; பழைய மாநிலம் எப்போதாவது கேள்வி கேட்டால் அவைதான் சாட்சி.

டபிள்யூ-2 ஜனவரி கடைசிக்குள் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அதில் 15 முதல் 17 வரை உள்ள கட்டங்கள் மாநிலம், 18 முதல் 20 வரை ஊர். பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய வரியைப் போலவே ஏப்ரல் 15 கெடு, வர்ஜீனியாவுக்கு மே 1. பென்சில்வேனியா ஊர் ரிட்டர்னுக்கும் ஏப்ரல் 15தான். வரி மென்பொருள் மத்திய ரிட்டர்னையும் மாநில ரிட்டர்னையும் முடித்துவிட்டு வாழ்த்துச் சொல்லிவிடும்; பென்சில்வேனியாவிலும் ஒஹாயோவிலும் அதற்குப் பிறகு ஊர் ரிட்டர்ன் ஒன்று பாக்கி இருக்கும். வசூல் அலுவலகத்தின் இணையதளத்துக்கு நேரே போய்ப் போட்டால் பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான்.